பேர்த்தியின் பெயரில் வாழும் பாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டு வயல்களில் நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்த ஓர் உழவுப் பெண்ணின் குடும்ப வாழ்வை ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்க முடியுமா என்னும் கேள்வி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் வட்டாரத் தமிழர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. யோங் பெங், குளுவாங், சிம்பாங் ரெங்கம் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களுக்கு 1910களிலும் 1920களிலும் இளம் வயதில் வந்து சேர்ந்த பெண்கள் 1880களிலும் 1890களிலும் பிறந்தவர்கள் ஆதலால், இன்று இவ்வட்டாரக் குடும்பங்களில் பூட்டி என்றும் கொள்ளுப்பாட்டி என்றும் நினைக்கப்படுபவர் அந்த உழவுப் பெண்ணாகவோ அவருடைய மகளாகவோ இருக்கக்கூடும். அவரைத் தேடும் கலைக்கு வம்சவழி ஆய்வு என்று பெயர். தலைமுறைகளின் தொடர்ச்சியை ஆவணத்தாலும் வாய்மொழியாலும் நிறுவுவது அதன் பணி.

இக்கலை அண்மைக் காலத்தில் பரவலாகி வருவது மகிழ்ச்சிக்குரியது; ஆனால் அது பரவும் முறை கவலைக்குரியது. எச்சிலைக் குழாயில் அடைத்து அயல்நாட்டு ஆய்வகத்திற்கு அனுப்பி, திரும்பி வரும் விழுக்காட்டுக் கணக்கையே குடும்ப வரலாறு என்று கொள்வதும், தந்தை, தந்தையின் தந்தை, அவர் தந்தை என ஆண்களின் பெயர்களை மட்டும் அடுக்கிக் கிளைகள் வரைந்து கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதும் இன்றைய வழக்கங்களாக உள்ளன. தாய்வழி மரபணு தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது அறிவியல் உண்மையே. எனினும் அந்தத் தாயின் பெயர் என்ன, எந்த ஊர்க் கழனியில் அவர் நின்றார், எத்தனை பிள்ளை பெற்று எத்தனையைப் பறிகொடுத்தார் என்பவற்றை எந்த ஆய்வகமும் சொல்லப் போவதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியது பெயர். பேர்த்திக்குத் திரும்பி வந்த பாட்டியின் பெயர்.

ஆவணங்களின் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1841 முதலும் அமெரிக்காவில் 1850 முதலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டு அந்தப் பதிவுகள் பெரும்பாலும் காக்கப்பட்டிருப்பதால், அந்நாடுகளில் ஒரு பண்ணைப் பெண்ணைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டு வாசலிலேயே சந்திப்பது போலச் சந்திக்கலாம். அமெரிக்காவின் 1850 கணக்கில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் பெயர்கள் எழுதப்படவில்லை என்பதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் 1871இல் கணக்கெடுப்பு நடந்தது; ஆனால் அங்கே எண்ணிக்கை அச்சேறியது, பெயர்களைத் தாங்கிய படிவங்கள் காக்கப்படவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் சிற்றூரில் பிறந்த பெண்ணுக்குப் பிறப்புச் சான்று தேடுவது பெரும்பாலும் வீண். நிலப் பட்டாவோ நிலமுடைய ஆணின் பெயரில் இருந்தது. பண்ணையாள் வீட்டுப் பெண்ணுக்கு அதிலும் இடமில்லை.

மலாயாவிற்கு வந்த பின்னும் நிலை பெரிதாக மாறவில்லை. கங்காணி முறை என்பது, தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி தன் ஊருக்கே திரும்பிச் சென்று உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டி வரும் முறை. அதில் எழுத்து வழி ஒப்பந்தம் தேவைப்படவில்லை ஆதலால், ஆள்வாரியான விரிந்த பதிவும் அதனால் பிறக்கவில்லை. இதற்கு மாறாக, 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 152,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு என்று அப்பட்டியல் நீள்கிறது. நெட்டாலுக்குச் சென்ற தமிழ்ப் பெண்ணின் கொள்ளுப்பேரர் இன்று அவருடைய ஊரின் பெயரை ஒரே வரியில் படித்துவிடலாம். ஜொகூருக்கு வந்த அவருடைய தங்கையின் கொள்ளுப்பேரருக்கு அந்த வரி கிடையாது. இந்த வேறுபாடு வருத்தம் தருவது, ஆனால் வழியை அடைத்துவிடுவது அன்று.

மலேசியத் தமிழரின் பெயர் எழுதும் முறையும் தேடலுக்குத் தடையாகிறது. அனாக் லெலாகி, அதாவது இன்னாரின் மகன், அனாக் பெரும்புவான், அதாவது இன்னாரின் மகள், என்று தந்தையின் பெயரே ஒவ்வொருவருடைய பெயரோடும் ஒட்டிக்கொள்வதால், தாயின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் உதிர்கிறது. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்வது 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகே கட்டாயமானது என்பதால், அதற்கு முந்தைய பாட்டிகளில் பலருக்குத் திருமணச் சான்று கிடையாது. பெற்ற பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அதாவது தோட்டத்து மக்கள் சூராட் பெரானாக் என்று சொல்லும் தாள், அதில் தாயின் பெயர் எழுதும் கட்டமே பெரும்பாலும் அந்தப் பெண் சட்டத்தின் கண்முன் வந்து நின்ற இடம். ஆகவே தந்தையின் பெயரை விட்டுத் தாயின் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் தாளை மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் பார்க்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளின் தாள்களும் ஏன் வேண்டும் என்றால், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார் என்பதே காரணம். வெள்ளையம்மாள் என்னும் ஒரு தாய் ஒரு தாளில் வெல்லாயம்மா ஆகவும் இன்னொன்றில் வள்ளியம்மா ஆகவும் மாறிவிடும்போது, ஒரு மனிதருக்கு இரு மனைவியர் இருந்தனர் என்று பேரப்பிள்ளைகள் முடிவு கட்டுவதுண்டு. ஒலி ஒத்த பெயர்களைத் திரட்ட அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்னும் குறியீட்டு முறை ஆங்கில ஒலிகளுக்காகச் செய்யப்பட்டது. அதனிடம் தமிழ்ப் பெயரைக் கொடுப்பதைவிட, பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் அறியாத ஒருவர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பலன் தரும்.

இனிப் பெயருக்கு வரலாம். இந்தக் கலையின் உயிர்நிலை இதுவே என்று சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை. பேரன், பேர்த்தி என்னும் சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ, அதாவது பேச்சில் திரிந்த வடிவம். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. உறவு முறைக்குரிய சொல்லுக்குள்ளேயே ஆய்வு முறை ஒன்று பொதிந்திருக்கும் இப்பேறு தமிழருக்கு வாய்த்திருக்கிறது. பல சமூகங்களில் மூத்த மகளுக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரும் அடுத்தவளுக்குத் தாயைப் பெற்றவளின் பெயரும் இடுவது வழக்கமாக இருந்தது. சில குடும்பங்களில் இவ்வரிசை மாறியும் வரும். எனவே 1921இல் ஆயர் ஈத்தாம் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்த மூத்த மகளின் சூராட் பெரானாக்கில் குப்பாயி என்றும் இளையவளின் தாளில் பச்சையம்மாள் என்றும் இருப்பதாக வைத்துக்கொண்டால், கப்பல் ஏறாத, எந்த ஏட்டிலும் இடம் பெறாத, 1870 வாக்கில் பிறந்த இரண்டு உழவுப் பெண்களின் பெயர்கள் கிடைத்துவிட்டன என்று கொள்வதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கடல் கடந்து பெயர் மட்டும் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. மருமகள் மாமியாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்னும் வழக்கம் இருந்ததால், மாமியாரின் பெயர் இடப்பட்ட குழந்தையைத் தாய் அப்பெயரால் அழைக்க இயலாது. பாப்பா என்றோ தங்கம் என்றோ வேறொரு பெயர் வீட்டில் வழங்கும். அதனால்தான் அடையாளக் கார்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாகப் பல பாட்டிகள் வாழ்ந்தனர். பிள்ளைகள், அம்மாவுக்குப் பதிவில் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டனர். அது தவறு அன்று. வீட்டில் யாரும் அழைக்காத அந்தப் பதிவுப் பெயரே முந்தைய தலைமுறைக்குரிய திறவுகோல் என்பதால், வழங்கிய பெயரை மட்டும் எழுதிப் பதிவுப் பெயரை விட்டுவிடும் குடும்ப வரைபடம் பாட்டியை இரண்டாம் முறை இழக்கிறது.

பெயர் குடும்பத்தின் துயரத்தையும் சொல்லும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி, குப்பம்மாள் என்றும், தவிட்டை விலையாகக் கொடுத்து வாங்கியதாகப் பாவித்துத் தவிடன் என்றும், பிச்சை என்றும் பெயரிடுவது, காலன் கண் அக்குழந்தை மேல் படாதிருக்கச் செய்த வழக்கம். பெண் பிள்ளைகளே தொடர்ந்து பிறந்த வீட்டில் போதும்பொண்ணு என்று பெயர் வைத்ததும் உண்டு. மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன குப்பாயி என்னும் பாட்டிப் பெயர், அந்தப் பாட்டிக்கு முன் பிறந்து இறந்த உடன்பிறப்புகளின் தடயமாக இருக்கலாம். எந்த இறப்புப் பதிவிலும் ஏறாத குழந்தைகள் பேர்த்தியின் பெயருக்குள் மறைவாகக் கிடக்கின்றனர். ஓர் உழவுப் பெண்ணின் குடும்ப வாழ்வை அறிவது என்றால் இதை அறிவதே.

பெயர் ஊரையும் காட்டும். மாரியம்மாள் எங்கும் உண்டு, அதனால் பயன் குறைவு. ஆனால் பச்சையம்மாள் என்பது வட தமிழ்நாட்டையும், இசக்கியம்மாள் என்பது திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தையும், செல்லாண்டி என்பது கொங்கு நாட்டையும் நோக்கிக் கை நீட்டும். தந்தையைப் பெற்றவளை அப்பாயி என்று அழைக்கும் குடும்பம் திருச்சி, தஞ்சைப் பகுதியையும், அப்பத்தா என்று அழைப்பது மதுரை, இராமநாதபுரப் பகுதியையும் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. கங்காணி தன் ஊராரையே கொண்டுவந்தார் என்பதை இதனோடு சேர்த்தால், அதே லயத்தில், அதாவது வரிசை வீட்டில், குடியிருந்த அண்டைக் குடும்பம் ஒன்றுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருந்தாலே போதும்.

ஆவணம் உள்ள இடமும் ஒன்று உண்டு: கத்தோலிக்கத் திருச்சபையின் ஏடுகள். பேராக்கின் பாகான் செராயில் 1880களில் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபே தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார்; பின்னர் 1896 முதல் 1904 வரை மலாக்கா மறைமாவட்ட ஆயராக விளங்கியவர் அவரே. இத்தகைய பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளில் தாய், தந்தையோடு ஞானத்தாய், ஞானத்தந்தை ஆகியோரின் பெயர்களும் எழுதப்படும். அதைவிட அருமையானது திருமண ஏடு. நெருங்கிய இரத்த உறவில் மணம் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பதோ தமிழர் முறை. ஆகவே அத்தகைய மணம் நடக்க விதிவிலக்கு பெற வேண்டியிருந்தது. விதிவிலக்கு குறிக்கப்பட்டிருந்தால், மணமக்களின் பெற்றோரில் இருவர் உடன்பிறந்தோராக இருக்கலாம் என்பது அந்த ஒரு குறிப்பால் தெரிகிறது. தமிழரின் உறவு முறையை எழுதி வைத்தது, அதை ஏற்காத சட்டமே.

காலத்தைக் கணிக்க ஆண்டுப் பெயர்கள் துணை செய்யும். பாட்டியின் தாய் தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று ஒரு குடும்பம் சொன்னால் அது 1876 சித்திரையில் தொடங்கிய ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அடுத்த தாது 1936இல் வருவதால் குழப்பத்திற்கு இடமில்லை. 1948இல் மலாயாவின் அவசர காலத்தின்போது அடையாளக் கார்டு வழங்கத் தொடங்கியபோது, சான்று இல்லாத பெண்களின் வயது வாய்ச்சொல்லைக் கொண்டே எழுதப்பட்டிருக்கக்கூடும். அந்த எண்ணைவிட வருஷத்தின் பெயரை நம்புவது மேல். கப்பலின் பெயரும் அவ்வாறே உதவும்: பாட்டி ரஜூலா கப்பலில் மலாயாவிற்கு வந்தவர் என்றால் அது 1926க்குப் பிந்தைய வருகை.

ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்ப் பெயரிலும் எச்சரிக்கை தேவை. கருநீர் என்று பொருள்படும் இம்மலாய்ப் பெயர் பினாங்கிலும் வேறு மாநிலங்களிலும் வழங்குவது; பழைய தாள்களில் ஆயர் என்றும் இன்று ஆயிர் என்றும் எழுத்து மாறியிருப்பது வேறு. தாளில் பத்து பகாட் மாவட்டம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல், பினாங்குக் குடும்பம் ஒன்றை ஜொகூர்க் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டுவிடும் பிழை எளிதில் நேரும்.

தாள்கள் தேசியப் பதிவுத் துறையிலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் காத்திருக்கும். எண்பது வயதைக் கடந்த அத்தைமாரும் பெரியம்மாமாரும் அவ்வாறு காத்திருக்க மாட்டார்கள் என்பதால் முதலில் அவர்களிடமே செல்ல வேண்டும். அவர்களிடம் பாட்டியின் பெயர் என்ன என்று கேட்பதைக் காட்டிலும், வீட்டில் யார் யார் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று கேட்பது சிறந்தது. மாமனார் பெயர் ஆறுமுகம் என்பதற்காக வாழ்நாள் முழுவதும் ஆறு என்னும் எண்ணையே சொல்லாமல் அஞ்சும் ஒண்ணும் என்று எண்ணிய பெண்கள் தமிழ்க் குடும்பங்களில் இருந்திருக்கின்றனர். பாட்டி எந்தச் சொல்லைத் தவிர்த்தார் என்பதை மகள் இன்னும் நினைவில் வைத்திருந்தால், எந்தத் தாளிலும் இல்லாத பெயர் ஒன்று அங்கே கிடைக்கும்.