கடற்கரையை எட்டாத தரவு

(திருவனந்தபுரத்தில் மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



2017 நவம்பர் 29 அன்று விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும், கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களும் கடலில் இருந்தனர். மறுநாள் காலை ஒக்கி புயலாக வலுப்பெற்றது. புயல் எச்சரிக்கை வெளியானபோது பலர் கைபேசி எட்டாத தொலைவுக்குப் போய்விட்டிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

கடலைப் பற்றிய தரவு நாட்டில் இல்லாமலில்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் குறித்த முன்னறிவிப்பைப் பொதுவில் வெளியிட்டு வருகிறது. ஆனால் இணையத்தில் வைத்த செய்தி தானாக நடந்து கடற்கரைக்கு வராது. நீண்ட கடற்கரை முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை என்றால், அதை நம்பி அன்றைய வருவாயை இழப்பவர் மீனவரே. எச்சரித்தும் போகிறார்களே என்று குறை சொல்வோர் அந்த வீடுகளின் அடுப்பைப் பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் கரையில் நடத்திய ‘ரேடியோ மான்சூன்’ முயற்சி இவ்விடத்தில் கவனத்துக்குரியது. அவர்கள் புதிதாகத் தரவு எதையும் திரட்டத் தொடங்கவில்லை. இருக்கின்ற முன்னறிவிப்பையே எளிய மலையாளத்தில் சுருக்கி, ஒலிபெருக்கி வழியாகவும் தொலைபேசி வழியாகவும் மீனவருக்கு அளித்தனர். அறிவிப்பு எந்த அளவு பொருந்தியது என்று மீனவரிடமே கேட்டனர். காற்றையும் நீரோட்டத்தையும் பரம்பரையாகப் படித்தறிந்தவர்களை வெறும் ‘பயனாளிகள்’ என்று அழைப்பது அறியாமை.

அதே கடற்கரையினர் ஒன்பது மாதங்கள் கழித்து, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் சென்றனர். கேரள அரசின் மீட்பு இணையதளத்தின் மூலநிரல் திறந்தே இருந்ததால், பொறியியல் மாணவர்கள் பலர் அதில் உழைத்தனர். வந்த கோரிக்கைகளைத் தன்னார்வலர்கள் தொலைபேசியில் சரிபார்த்தனர். முகவரி கிடைத்தது. மூழ்கிய மதில் எங்கே, எந்தச் சந்தில் படகு நுழையும் என்பதை உள்ளூர் இளைஞர்கள் படகில் ஏறி வழிகாட்டினர். மாநிலமெங்கும் மீனவர்கள் மீட்டது 65 ஆயிரம் பேருக்கும் மேல் என்கிறது அரசின் கணக்கு.

இத்தகைய பணிக்கு அடிப்படை, அரசு உண்மையைத் திரட்டி வெளியிடுவதாகும். 2017–18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை ஒன்றிய அரசு 2019 நவம்பரில் வெளியிட மறுத்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறவேயில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளர் வரம்பு 2011 கணக்கிலேயே நின்றது. இடையில் கூடிய மக்களுக்கு அதில் இடமில்லை. கணக்கெடுப்பையும் அதன் முழு வெளியீட்டையும் கோருவது மாணவர் இயக்கத்தின் வேலையே.

இன்னொன்றும் உண்டு. கடலோர ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர், அதைத் துறைத்தலைவரிடம் ஒப்படைக்கும் முன், மீன் இறங்குதளத்தில் அம்மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பிழைகளை அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.