நின்றுபோன கம்ப்யூட்டரும் நிற்காத என் வாயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க சாதனையைப் பத்திப் பேசுங்க" என்றார்கள் சங்கத்தார். நான் பேசப்போவது ஒரு சறுக்கலைப் பற்றி.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, திருமுல்லைவாயலில் வீடு. ஓய்வு நேரத்தில் சிறு பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுத் தருவேன். அதற்காக ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். 3200 வேகமுள்ள புது மெமரி ஒன்று. வீட்டில் சும்மா கிடந்த 2666 வேகப் பழைய மெமரியையும் பக்கத்தில் செருகினேன். வேகம் வேண்டுமே என்று பயாஸில் எக்ஸ்.எம்.பி.யையும் முடுக்கிவிட்டேன். இன்ஜினியர் அல்லவா!

மூன்றாம் நாள் மாலை திரை அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினேன், விளக்கு மாறவில்லை. அது மாறினால் பெரும்பாலும் ஒரு புரோகிராம்தான் சிக்கியிருக்கும். மாறாவிட்டால் இயந்திரமே உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு தினமும் இரண்டு தடவை இதே கதை.

கரண்ட்தான் காரணம் என்று யு.பி.எஸ். வாங்கினேன். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டேன். ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று இருந்தது. அது இயந்திரம் முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. பட்டனை அழுத்தி அணைத்தவனே நான்தானே! இதற்கிடையில் ஆவடிப் பட்டறைக்காரர் ஒருவரின் டிராயிங் பாதியில் போய், அவருடைய ஆர்டரே தள்ளிப்போனது.

கோபத்தோடு கடைக்குப் போனேன். "டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டீங்க" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். "மாத்தித் தரேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு ஒண்ணா கழட்டிப் பாத்தீங்களா?" என்றான்.

பார்க்கவில்லை.

அன்றிரவு மெம்டெஸ்ட் 86 புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். இரண்டு மெமரியும் சேர்ந்திருந்தபோது சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். புதியது மட்டும்: பிழை இல்லை. பழையது மட்டும், அதன் வேகத்தில்: பிழை இல்லை. எக்ஸ்.எம்.பி.யை நிறுத்தி இரண்டையும் போட்டேன்: அப்போதும் பிழை இல்லை. 2666-க்குச் செய்த பழைய மெமரியை 3200-இல் ஓடச் சொன்னது நான். கடைச் சரக்கில் கோளாறே இல்லை.

"ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே குறிப்பேட்டில் எழுது" என்று நம் ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்கிவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அதற்காக எப்போதும் நம் மேல்தான் தப்பு என்றும் நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அடிக்கடி செயலிழந்தபோது, பலர் விளையாட்டு மென்பொருளையும் கிராபிக்ஸ் கார்டையும் சந்தேகித்தார்கள். பிராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்பதை 2024 ஜூலையில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் தந்தது. வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சில்லுகளை அந்தத் திருத்தத்தால் குணமாக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆக, குற்றவாளி யார் என்பதைச் சோதனை சொல்லட்டும். நம் கோபம் சொல்ல வேண்டாம்.

மறுவாரம் ரயிலேறி அந்தக் கடைக்குப் போய், கத்திய அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சார், இப்ப ஓடுதில்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான்.

ஓடுகிறது. இந்த உரையை அடித்ததும் அதில்தான். பட்டறைக்காரர் மட்டும் இன்னும் எனக்கு அடுத்த டிராயிங் தரவில்லை.