உடலுழைப்பில் பிறக்கும் மின்விசை

திருப்பதிக்குச் சில கல் தொலைவில் சந்திரகிரி இருக்கிறது. விசயநகர வேந்தரின் பிற்காலத் தலைநகராக விளங்கிய இவ்வூரின் கோட்டையையும் ராஜ மகாலையும் நம்மில் பலர் கண்டிருப்போம். இவ்வூரை அடுத்துள்ள சீனிவாச மங்காபுரத்தின் பக்கமிருந்து, ஸ்ரீவாரி மெட்டு என்னும் பழைய படிவழி திருமலைக்கு ஏறுகிறது. அதில் 2,388 படிகள் உள்ளன. இன்று அப்படிகளில் ஏறுவோர் கையில் ஊன்றுகோல் இல்லாவிடினும் கைப்பேசி இருக்கிறது. பாதி வழியில் அதன் மின்கலம் தீர்ந்துவிட்டால், இத்தனை படி ஏறும் நம் உடல் வலிமையைக் கொண்டே அதற்கு மின்னூட்ட இயலாதா என்று எண்ணத் தோன்றுகிறது.

இதற்குச் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறினால், தம் உடலை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 16 வாட்-மணி ஆற்றலைச் செலவிடுகிறார். இன்று வழங்கும் 4,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் கொள்வதோ ஏறத்தாழ 15 வாட்-மணி. ஆக, நூறு மீட்டர் மலையேறிய உழைப்பு முழுதும் உள்ளங்கையளவான கருவிக்குள் அடங்கிவிடுகிறது! ஆனால் ஏறிய உழைப்பு நம்மை உயர்த்துவதிலேயே செலவாகிவிடும். மின்விசை வேண்டுமாயின் அதற்கெனத் தனியே உழைத்தாக வேண்டும்.

உழைப்பு மின்சாரமாக மாறும் வழியை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசையும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. மிதிவண்டி டைனமோவின் தத்துவமும் இதுவே. இரவில் டைனமோவைச் சக்கரத்தின்மேல் சாய்த்தவுடன் மிதி கனத்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கனமே விளக்கொளிக்கு நாம் கொடுத்த விலை. அவ்வாறு மிதித்து நாம் பெற்றது பெரும்பாலும் 3 வாட் மின்விசைதான்.

வானொலியும் இவ்வுழைப்புக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பெருவெளியில் மருத்துவரை அழைக்க வழியின்றித் தவித்த குடும்பங்களுக்காக, ஆல்பிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து இயக்கும் கம்பியில்லாத் தந்திக் கருவியை அமைத்தார். 1929 முதல் அது அங்கே பயன்பட்டது. 1991-இல் இங்கிலாந்தின் டிரெவர் பெய்லிஸ், ஆப்பிரிக்காவில் மின்சாரமில்லாத ஊர்களிலும் நோய்த்தடுப்புச் செய்திகள் எட்டவேண்டும் என்று கருதி, கைப்பிடியால் முறுக்கும் வானொலியை உருவாக்கினார்.

எனினும் எல்லாக் கருவிக்கும் இம்முறை பொருந்திவிடவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கென்று திட்டமிட்ட நூறு டாலர் மடிக்கணினியின் முன்மாதிரி 2005-இல் டூனிஸ் நகரில் காட்டப்பட்டபோது, அதன் பக்கத்தில் சுழற்றுக் கைப்பிடி ஒன்று இருந்தது. 2007-இல் கணினி வெளிவந்தபோது அக்கைப்பிடி இல்லை.

காரணம் எளிது. கையால் சுழற்றி நெடுநேரம் பெறக்கூடியது 5 முதல் 10 வாட் வரையே. 5 வாட் கிடைத்தாலும், ஒரு கைப்பேசியை முழுவதும் நிரப்ப மூன்று மணி நேரத்துக்குமேல் ஓயாது சுழற்ற வேண்டும். தோள் அதற்கு இசையுமா? கால்களுக்கு வலிமை மிகுதி. நலமுள்ள ஒருவர் 50 முதல் 100 வாட் வரை மிதித்துத் தரலாம். உணவுக் கணக்கில் பார்த்தால் செலவு பெரிதன்று. இரண்டு இட்லி தரும் ஆற்றல் ஒரு கைப்பேசியை நிரப்பப் போதும். நமக்குக் குறைவது உணவன்று, பொறுமையே.

அப்படியானால் இதன் பயன் யாது? 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் பெருமழை கொட்டிச் சுவர்ணமுகி பெருக்கெடுத்தது. ஸ்ரீவாரி மெட்டும் சிதைந்து, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய நாள்களில் மின்சாரம் தடைப்படுவது இயல்பு. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள தாய் தந்தையர் தொலைபேசியை எடுக்காத ஒவ்வொரு மணியும் ஒரு யுகமாகும். அவர்களுக்கு அன்று வேண்டுவது முழு மின்கலமன்று. "நலமாக இருக்கிறோம்" என்று சொல்லும் அளவுக்கு மின்விசையே. திரையை அணைத்துவிட்டுப் பேசினால், சுழற்றிய நேரத்துக்குக் குறையாமல் பேசலாம்.

ஆகவே, கைப்பிடியுள்ள விளக்கும் வானொலியும் சேர்ந்த கருவி ஒன்றை, கைப்பேசிக்கு மின்னூட்டும் வசதியுடையதாகப் பார்த்து, ஊருக்குச் செல்லும்போது வாங்கிக் கொடுப்போம். சுழற்சி சீராக இராதாகையால் மின்சாரத்தை முதலில் பவர் பேங்க் என்னும் சேமிப்புக் கலத்தில் ஏற்றி, பிறகு கைப்பேசிக்குக் கொடுப்பது நன்று. கைப்பேசி அறவே அணைந்துபோகும்வரை காத்திராமல் முன்னரே சுழற்றத் தொடங்க வேண்டும்; அணைந்த கருவியை எழுப்புவதற்கே ஒரு பங்கு மின்விசை வீணாகும். பொத்தான்களுடைய சிறு கைப்பேசி ஒன்றையும் வீட்டில் வைத்திருப்பது இன்னும் நலம். அதன் பசி குறைவு.

சுவரிலுள்ள துளையிலிருந்து வரும் மின்சாரத்துக்கு நாம் அளவு பார்ப்பதில்லை. நம் கையால் சுழற்றிப் பெற்ற மின்சாரமோ ஒவ்வொரு சொல்லின் விலையையும் உணர்த்துகிறது. மழைக்காலம் வருமுன் வீட்டாரிடம் அக்கைப்பிடியைக் கொடுத்து, ஒருமுறை சுழற்றிப் பழகச் சொல்வோம்.