குளிர்பதனப் பெட்டி: வாங்குவதும் பேணுவதும்



விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய்மார்களுக்கு, முதல்நாள் சமைத்த குழம்பு மறுநாளும் கெடாதிருப்பது பேருதவியாகும். ஆனால் மாதத் தவணை முடியுமுன் பெட்டி பழுதானால் குடும்பம் என்ன செய்யும்?

குளிர்பதனப் பெட்டி இயல்பில் உறுதியானதே. அதன் உயிர்நிலையான கம்ப்ரசர், மோட்டாருடன் சேர்த்து உருக்கு உறைக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் தூசியும் ஈரமும் அதனை அணுகா. ஓய்வின்றி ஓட நேர்ந்தால்தான் அது விரைவில் தேயும்.

பெரும்பாலும் குற்றம் கதவோரப் பட்டையில் இருக்கும். அதனை ரப்பர் என்றே அழைக்கிறோம். நீங்கள் வெட்டும் பாலுக்கும் அதற்கும் இன்று பெரும்பாலும் தொடர்பில்லை, அது பிளாஸ்டிக். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் பட்டை தளர்ந்துவிட்டது என அறிக. என் இல்லத்துப் பெட்டியைப் பார்க்க வந்தவர், புதியது வாங்குமாறு கூறினார். பட்டையை மட்டும் மாற்றினோம். மேலும் 6 ஆண்டுகள் உழைத்தது.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வெப்பம் வெளியேற இடம் வேண்டும். மின்சாரம் நின்று மீண்டால், 5 நிமிடம் கழித்தே இயக்குங்கள். உள்ளே 4 டிகிரி செல்சியசுக்கு மேற்படாதிருக்கட்டும்.

வாங்கும்போது மின்சிக்கன முத்திரையில் நட்சத்திரங்களை எண்ணுங்கள். 5 இருப்பின் மின்செலவு குறைவு. பனிக்கட்டியைத் தானே கொட்டும் வகை வேண்டாம். அதில் பழுதாகக்கூடிய உறுப்புகள் மிகுதி.