குன்றிய பொறுப்பு: பித்துக்கும் தெளிவுக்கும் இடையில் ஒரு சட்டம்



கொலை செய்தவன் பித்தனா, தெளிந்தவனா என்று மட்டுமே நெடுங்காலம் சட்டம் வினவியது. இடையில் நிற்பவனுக்கு இங்கிலாந்து 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி கண்டது: மனப்பிறழ்வால் ஒருவனது பொறுப்புப் பெரிதும் குன்றியிருப்பின், அவன் குற்றம் கொலையினின்று ஒருபடி இறங்கும். இதனைக் 'குறைந்த பொறுப்பு' என்பாரும் உளர். அது சிறிய பதவியைக் குறிப்பதுபோல் ஒலிப்பதால் 'குன்றிய பொறுப்பு' என்கிறேன்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் ஐந்து விதிவிலக்குகள் உள்ளன. குன்றிய பொறுப்பு அவற்றுள் இல்லை. 84ஆம் பிரிவோ, சித்தக் கலக்கத்தால் தன் செயலின் தன்மையையோ தவற்றையோ அறிய இயலாதவனை மட்டுமே காக்கும். சிங்கப்பூர் அதனை ஏழாம் விதிவிலக்காகச் சேர்த்தது. பின்னர் அதே சொற்களைப் போதைப்பொருள் சட்டத்திலும் எழுதியது.

அச்சொற்களே ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்தின் உயிரை நிறுத்த துலாக்கோல். 2009 ஏப்ரலில், 42.72 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிச் சென்ற அவர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். அவரது நுண்ணறிவு ஈவு 69 என மதிப்பிடப்பட்டது. ஆனால், ஆபத்தையும் ஆதாயத்தையும் எண்ணிப் பார்த்தே அவர் துணிந்தார் என்றும், பொறுப்பைப் பெரிதும் குன்றச் செய்யும் பிறழ்வு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அறிந்து செய்தல் வேறு. அறிந்தபின் தன்னைத் தடுத்துக்கொள்ள இயலுதல் வேறு. 1960இல் பர்ன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றமே இவ்வேறுபாட்டை ஏற்றது. நாகேந்திரன் வழக்கில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

இங்கு 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக்கு 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். எனினும் குற்றத்தின் பெயர் கொலையாகவே நிற்கும். மனக்குறை தண்டனையைத் தெரிவு செய்யும்போதுதான் பேசப்படும்.

மெய்ப்பிக்கும் சுமையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே. அறிவு வளர்ச்சிக் குறை இளமையிலேயே தொடங்கியதா என்று மருத்துவர் ஆராய்வார். அதற்கு அவர் தேடுவது பள்ளிப் பதிவுகளை. 'சோம்பேறி', 'கவனமில்லை' என்று நாம் எழுதி முடித்த பக்கத்தில் அவருக்கு எதுவும் கிடைக்காது. எந்த வயதில் எழுத்துக் கூட்டினான், எந்தக் கணக்கில் தடுமாறினான், எத்தனை முறை சொன்னபின் விளங்கிக்கொண்டான் என்று நாளிட்டு எழுதிய குறிப்பு ஒன்றிருந்தால், அதை இருபது ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தில் எடுத்து வைக்க முடியும்.