சொந்த வீடு வாங்க முன்னாலே
(தோட்ட வீடமைப்புச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



லயத்துக் காம்பராவிலே மூன்று தலைமுறை இருந்துவிட்டோம். பிள்ளைகளாவது சொந்தக் கூரையின் கீழ் இருக்கட்டும் என்று நினைக்காத குடும்பம் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்கச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கடதாசியோடு நிற்கக் கூடாது.

முதலாவது விஷயம். லயத்துக் காம்பராவை விலைக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. தோட்டக் காணி அரசாங்கத்துக்குரியது. கம்பெனிகளிடம் இருப்பது குத்தகைதான். “சாவியைத் தாறேன், காசைத் தாங்க” என்று யாராவது சொன்னால், கொடுக்கிற காசுக்கு எந்த உரித்தும் கிடைக்காது. 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த வீட்டை ஒருவர் விற்க வந்தால், அவர் கையில் உறுதி இருக்கா, அதிலே விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கா என்று பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி தேவை.

இரண்டாவது, எழுத்து. காணி, வீடு விற்பது நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பம் வைத்தால்தான் செல்லும். இது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம். அட்வான்ஸ் கொடுத்துச் செய்கிற விற்பனை உடன்படிக்கைக்கும் இதே விதிதான். முத்திரை ஒட்டிய வெறும் கடதாசியில் எழுதிக் கொண்டு, தலைவரையும் கடைக்காரரையும் சாட்சி வைத்தால் கோர்ட்டிலே நிற்காது.

மூன்றாவது, தேடுதல். வக்கீலைக் கொண்டு காணிப் பதிவகத்திலே முப்பது வருஷத்துப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு இருக்கா, வழக்கு இருக்கா, பங்காளிகள் இருக்கிறார்களா என்பது அப்போது தெரியும். விற்பவரின் வக்கீலையே நம்பாமல் உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். உறுதி எழுதிய கையோடு பதிய வேண்டும். நீங்கள் பதியாமல் வைத்திருக்க, அதே காணியை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தால் அவர் கைதான் ஓங்கும்.

நான்காவது, நிலம். நில அளவையாளர் வரைந்த படத்தோடு போய் எல்லைக்கல்லைப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. பத்து பேர்ச் என்று விற்பது எட்டாக இருக்கக் கூடாது. நமது மலைநாட்டிலே மண்சரிவை மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் சரிவு நிலத்திலே வீடு வாங்காதீர்கள். சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று, இவை நிலம் பேசுகிற பேச்சு.

ஐந்தாவது, காசு. வீட்டு விலை மட்டும் கணக்கில்லை. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 20 இலட்ச ரூபா வீட்டுக்கு 79,000 ரூபா வரும். நொத்தாரிசுக் கூலி வேறு. சேமலாப நிதியில் பத்து வருஷத்துக்கு மேல் அங்கத்தவராக இருந்து, மூன்று இலட்சமாவது சேர்ந்திருந்தால், வீட்டுக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. நிதி மீதியைப் பிணையாக வைத்து வங்கியில் கடனும் எடுக்கலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: இப்போது எடுப்பது வயதான காலத்துச் சோறு. மாதத் தவணையைக் கொழுந்து நிறைந்த மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். வேலை குறைந்த மாதத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று நம்மிலே பலருக்குண்டு. உறுதி எழுத முன்னாலே அதைத் திருத்துங்கள். கொழுந்தெடுத்த கையின் காசும் அதில் இருக்குது. ஆகவே மனைவி பெயரையும் உறுதியிலே சேருங்கள். உறுதி சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். விளங்காமல் ஒருவரும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம்.

வீடு ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. உறுதி உறுதியாக இருக்க வேண்டும்.