பிடிக்காவிட்டால் ஏன் வெளியேறவில்லை?

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



"கம்பெனியின் நிபந்தனை பிடிக்கவில்லையென்றால் அந்தப் போனை, அந்தச் செயலியை விட்டுவிட வேண்டியதுதானே? யார் கையைக் கட்டினார்கள்?" இந்த வாதம் அடிக்கடி நம் காதில் விழுகிறது. நம்மவர்களிலேயே சிலர் இதை நம்பி, "நம் ஜனங்களுக்குச் சொரணை இல்லை" என்கிறார்கள். இது சரியா? பார்ப்போம்.

2011-க்கு முன்பிருந்த நிலைமை நினைவிருக்கிறதா? செல்போன் கம்பெனியை மாற்றினால் நம்பர் போய்விடும். அந்த நம்பர் மேஸ்திரியிடம் இருந்தது, ஊரில் தாயாரிடம் இருந்தது. வட்டிக்கடைக்காரனிடமும் இருந்தது, அவனிடமிருந்து மட்டும் தொலைந்தால் நல்லதுதான்! சிக்னல் கிடைக்காது, காரணம் தெரியாமல் காசு குறையும், ஆனாலும் சகித்தோம். கம்பெனியின் மேல் பிரியமா? இல்லை. நம்பர் போனால் வேலைக்குக் கூப்பிடுகிறவர் நம்மைக் கூப்பிட வழியில்லை.

2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதிலும் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம் என்ற விதி வந்தது. அப்போது கட்டணம் 19 ரூபாய்க்கு மேல் கூடாது என்றிருந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் மாறினார்கள். நேற்றுவரை சொரணையற்றிருந்தவர்களுக்கு ஒரே இரவில் சொரணை வந்துவிட்டதா? வெளியேறும் செலவு 19 ரூபாயாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் விஷயம் இதைவிடக் கடினம். எந்தக் கம்பெனி சிம்மிலிருந்தும் எந்தக் கம்பெனி சிம்முக்கும் நாம் பேசலாம். வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னல் என்ற செயலிக்கு ஒரு வரி அனுப்ப முடியாது. 2014-ல் பேஸ்புக் கம்பெனி இந்த வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு விலை பேசியது. அங்கே வேலை செய்தவர்கள் வெறும் 55 பேர். எதற்காக இவ்வளவு பணம்? அப்போதே சுமார் 45 கோடி ஜனங்கள் உள்ளே இருந்தார்கள். சரக்கு அவர்கள்தான்.

2021 ஜனவரியில் புது நிபந்தனை வந்தது: உன் விவரங்கள் சிலவற்றைத் தாய்க் கம்பெனியோடு பகிர்ந்துகொள்வோம், சம்மதி! ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. ஏராளமானோர் சிக்னலையும் டெலிகிராமையும் போனில் ஏற்றினார்கள். ஏற்றிப் பார்த்தால் அங்கே யார் இருக்கிறார்கள்? ஷிப்டு மாற்றம் அறிவிக்கும் குரூப் வாட்ஸ்அப்பில். நடவுக்கு ஆள் கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். கல்யாணப் பத்திரிகையும் சாவுச் செய்தியும் அதிலேதான். தனியாக வெளியேறியவர் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப்பட்டவர் போலானார். ஆகவே "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தினோம். மில் கேட்டில் நிற்கும் பதிலித் தொழிலாளி கொடுத்த கூலிக்குத் தலையாட்டுகிறாரே, அந்தச் சம்மதம்தான் இது. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காக 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அப்பீலுக்குப் போயிற்று.

"இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் பொறுத்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். சரி, சொந்தப் பணம் போட்டு வாங்கிய பொருளில் என்ன நடக்கிறது? அமெரிக்க விவசாயியைப் பாருங்கள். ஜான் டியர் கம்பெனியின் பெரிய டிராக்டர் சில லட்சம் டாலர் விலை. உள்ளே இருப்பதெல்லாம் கம்ப்யூட்டர். ஒரு சென்சார் பழுதானால் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் நின்றேவிடும். விவசாயியிடம் ஸ்பானர் இருக்கிறது, தகப்பன் காலத்து அனுபவம் இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் முழு மென்பொருளோ கம்பெனி டீலரிடம் மட்டுமே இருந்துவந்தது. கதிர் முற்றி நிற்கும். டீலரின் ஆள் வரும்வரை இவர் வரப்பில் காத்து நிற்பார். பொறுக்க முடியாமல் உக்ரேனிலிருந்து கள்ள மென்பொருள் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. வேறு டிராக்டர் வாங்கக்கூடாதா? கடன் கழுத்தை நெரிக்கும்போது, அறுவடை நடுவில், எதை விற்று எதை வாங்குவார்? வாங்கிய நாளில் இந்தப் பூட்டு அவர் கண்ணில் படவேயில்லை.

அவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சொந்த வண்டியைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் அதற்குச் சட்டம் செய்தது; 2024 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனே கம்பெனியின் மேல் வழக்குத் தொடர்ந்தது.

பூட்டிய வீட்டில் சௌகரியமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆப்பிள் கம்பெனி 2008-லிருந்து தன் போனுக்கு ஒரே வாசல் வைத்துக் காவல் காத்தது. கள்ளச் செயலிகள் குறைந்தன, உண்மை. ஆனால் காவலுக்கு நின்றவனே சுங்கச்சாவடியும் போட்டான்: செயலிக்குள் டிஜிட்டல் சரக்கு விற்றால் நூற்றுக்கு 30 வரை அவனுக்கு!

ஐரோப்பிய யூனியன் 2022-ல் ஒரு சட்டம் செய்தது. 2024 மார்ச் முதல் பெரிய கம்பெனிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பிற செயலிக்காரர்கள் கேட்டால் வாட்ஸ்அப் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. இங்கேயும் 2024 மார்ச்சில் ஒரு நகல் மசோதா வெளியிட்டார்கள்; பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. நம்பரைக் கையோடு எடுத்துப்போகிற மாதிரி, செயலி மாறினாலும் பழைய குரூப்போடு பேச வழி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். செயலியோ போனோ மாற்றப்போய்க் கூலி இழந்தவர்கள், பணம் இழந்தவர்கள், தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி இன்றே சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.